நால்வர் பித்தளைத் திருவுருவங்கள்: அடையாளமும் ஆக்கமும் பேணலும்

சைவ மக்களின் இல்லங்களில் பூசைக்கெனத் தனியறை இல்லாவிடினும், சுவரில் ஒரு மாடமோ மரப்பலகையோ கட்டாயம் இருக்கும். அதில் பிள்ளையார், முருகன், அம்மன் படங்களுக்கு முன்னே, சாண் உயரத்திற்கும் குறைந்த நான்கு பித்தளை உருவங்கள் வரிசையாக நிற்பதைப் பல வீடுகளில் காணலாம். 'இவர்கள் யார்?' என்று கேட்டால், 'நால்வர்' என்று உடனே விடை வரும். 'நால்வருள் இவர் எவர், அவர் எவர்?' என்று மேலும் ஒரு வினாவைத் தொடுத்தால், வீட்டுப் பெரியவர்களே சற்றுத் தயங்குவர்.

இத்தயக்கம் வியப்புக்குரியதன்று. வெள்ளிக்கிழமை தோறும் துலக்கி வைக்கும்போது உருவங்களின் வரிசை மாறிவிடுகிறது. அப்பர் தோளில் சார்த்திய உழவாரம் பல படிமங்களில் தனியே செய்து செருகப்படுவது. அது ஒருநாள் கழன்று விழுந்து காணாமற் போகிறது. அதன்பின் அவர் கைகூப்பி நிற்கும் ஒரு துறவி, அவ்வளவே. பாட்டிக்குத் தெரிந்திருந்த பெயர் தாய்க்கு அரைகுறையாகத் தெரிகிறது. பிள்ளைக்குத் தெரிவதே இல்லை. பெயர் மறந்தபின் எஞ்சுவது பித்தளை. ஆகவே, இவ்வுருவங்களை இனங்கண்டறியும் முறை, அவை ஆக்கப்படும் முறை, பேணும் முறை ஆகிய மூன்றையும் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

அடியாரை வணங்கும் மரபு

சிவபெருமானை வணங்குவோர் அவனடியாரையும் ஏன் உருவமைத்து வணங்குதல் வேண்டும்? இவ்வினாவுக்குச் சைவ சித்தாந்தம் தெளிவான விடை கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மலம் நீங்கிய அடியாரோடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுமாறு பணிக்கின்றது. அடியார் வழிபாடு இறைவழிபாட்டின் ஓர் உறுப்பே என்பது இதனாற் பெறப்படும்.

கோயிலில் உலக நன்மைக்காக ஆசாரியர் செய்யும் பூசை பரார்த்தம் எனவும், ஒருவர் தம் பொருட்டுத் தாமே செய்வது ஆன்மார்த்தம் எனவும் வழங்கும். தீக்கை பெற்றுச் செய்யும் சிவபூசைக்கு விதிகள் பல உண்டு. இல்லத்து மாடத்தில் நால்வர் உருவை வைத்து, விளக்கேற்றி, திருநீறும் மலரும் சார்த்தி, ஒரு பதிகம் பாடி வணங்குவதற்கோ அன்பு ஒன்றே தகுதி.

படிமத்தின் பழமை

நாயன்மாருக்கு உலோகத்தில் உருவமைக்கும் வழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (ஆட்சி: கி.பி. 985-1014) காலத்துக் கல்வெட்டுகள் இதற்குச் சிறந்த சான்று. அக்கோயிலின் நிருவாகத்தைக் கவனித்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான், நம்பி ஆரூரனார், அவர் துணைவி பரவையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர், சிறுத்தொண்டர், அவர் மகன் சீராளர் முதலியோர்க்குச் செப்புப் படிமங்கள் எழுந்தருளுவித்த செய்தியை ஒரு கல்வெட்டு தெரிவிக்கின்றது. படிமங்களின் உயரத்தை விரற்கணக்கில் அளந்தே அதில் பொறித்துள்ளனர்.

இதில் ஆசிரியர்கள் கருதத்தக்க குறிப்பு ஒன்றுண்டு. சேக்கிழார் பெரிய புராணத்தைப் பாடியது 12ஆம் நூற்றாண்டில். அப்பெருநூல் எழுவதற்கு நூறாண்டுக்கு முன்பே அடியார் வரலாறு செம்பில் வடிவம் பெற்றுவிட்டது. ஏட்டைப் படிக்க அறியாதாரும் படிமத்தைப் பார்த்து வரலாறு அறிந்தனர். இன்றைய வீட்டுப் பித்தளை உருவும் அந்தப் பணிக்கே வந்தது.

நால்வரை அறியும் வகை

சிற்பியர் நால்வரையும் அகவையாலும் அணியாலும் கைகளாலும் வேறுபடுத்திக் காட்டுவர்.

திருஞானசம்பந்தர் குழந்தை. இடையில் சதங்கை கோத்த அரைஞாண். மற்றபடி பெரும்பாலும் திறந்த மேனி. சீகாழிக் கோயிற் குளத்தில் தந்தையார் சிவபாத இருதயர் நீராடச் சென்றபோது, மூன்று வயதுக் குழந்தை கரையில் நின்று அழுதது. உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டினாள். திரும்பி வந்த தந்தையார், 'யார் தந்த பாலை உண்டாய்?' என்று சினந்து வினவ, குழந்தை இறைவனைச் சுட்டிக் காட்டிப் பாடியது. எனவே இவருடைய வலக்கைச் சுட்டுவிரல் மேல்நோக்கி நிற்கும். இடக்கையில் கிண்ணம் இருக்கும். சில படிமங்களில், திருக்கோலக்காவில் பெற்ற பொற்றாளம் கைகளில் விளங்கும். ஒரு காலைத் தூக்கி ஆடும் கோலமும் உண்டு.

திருநாவுக்கரசர் முதியவர். மழித்த தலை, கழுத்திலும் கையிலும் உருத்திராக்கம், இடையில் எளிய ஆடை, குவித்த கைகள், தோளிற் சார்த்திய உழவாரம். உழவாரம் என்பது கோயில் முற்றத்திலும் வழியிலும் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி. திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் தோன்றின. அவற்றைப் பரற்கல்லோடு ஒன்றாகக் கருதி, அவ்வுழவாரத்தாலேயே வாரி வாவியில் எறிந்தார் என்பது சேக்கிழார் வாக்கால் அறியும் வரலாறு. பொன்னையும் கல்லையும் ஒன்றாகக் காட்டிய அக்கருவியே அவர் படிமத்தின் உயிர்.

சுந்தரமூர்த்தி நாயனார் இளைஞர், மணமகன். புத்தூரில் மணப்பந்தலில் இருந்தவரை இறைவன் முதிய வேதியனாக வந்து ஓலை காட்டி ஆட்கொண்டான். அந்த மணக்கோலத்திலேயே என்றும் இருக்குமாறு அருளினான். ஆதலால் முடிந்த கொண்டை, காதணி, கழுத்தணி, தோள்வளை, மடிப்பு விளங்கும் பட்டாடை ஆகிய அனைத்தும் இவர்க்கு உண்டு. கைகள் குவிந்திருத்தலும், ஒரு கை மலரேந்திய பாவனையில் இருத்தலும் உண்டு. இவரைக் கையால் அறிவதினும் அணியால் அறிதல் எளிது. பக்கத்தில் ஒரு பெண்ணுருவம் நின்றால் அது பரவை நாச்சியார்.

மாணிக்கவாசகர் இடக்கையில் ஓலைச்சுவடி ஏந்தியவர். வலக்கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த சின்முத்திரை. பாண்டியனின் அமைச்சராகக் குதிரை வாங்கச் சென்றவர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு யாவற்றையும் துறந்தார். சில பழம் படிமங்களில் அவர் கை ஏட்டில் எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. இவர் அறுபத்து மூவருள் ஒருவர் அல்லர் என்பதையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். ஏனைய மூவரும் அத்தொகையில் அடங்குவர்.

சைவ நூலோர் இந்நால்வரையும் நான்கு நெறிக்கு உரியவராக வகுப்பர். அப்பர் சரியை நெறியில் நின்ற தொண்டர். சம்பந்தர் கிரியை நெறியில் நின்ற மைந்தர். சுந்தரர் யோக நெறியில் நின்ற தோழர். மணிவாசகர் ஞான நெறியில் நின்றவர். தொண்டர்க்குக் கருவி, மைந்தர்க்குப் பாற்கிண்ணம், தோழர்க்கு மணவணி, ஞானிக்கு ஏடு. நூல் நான்கு அதிகாரத்தில் விரிப்பதைச் சிற்பி நான்கு பொருளில் அடக்கிவிட்டான்.

வரிசை மாறினால் திருமுறையை நினைந்தால் போதும். முதல் மூன்று திருமுறை சம்பந்தருடையவை, அடுத்த மூன்று அப்பருடையவை, ஏழாவது சுந்தரருடையது, எட்டாவது மணிவாசகருடையது. அவ்வாறே நிறுத்துவது பெருவழக்கு.

மயங்கத்தக்க உருவங்கள்

கடைகளில் வாங்கும்போது மயக்கம் நேரும் இடங்கள் சில. ஆடும் சம்பந்தரும் ஆடும் கண்ணனும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பர். இருவரும் குழந்தைகள், இருவரும் ஒரு காலைத் தூக்கி, ஒரு கையை நீட்டி ஆடுபவர்கள். மேல்நோக்கிச் சுட்டும் விரல் இருந்தால் அது சம்பந்தர். கையில் வெண்ணெய் உருண்டையோ, அஞ்சல் என்னும் விரித்த கையோ இருந்தால் அது கண்ணன்.

சண்டேசுவரரும் கைகூப்பியே நிற்பார். அவர் கைமடிப்பில் சாய்ந்திருப்பது மழு, தலையில் சடைமுடி. அப்பரிடம் இருப்பது உழவாரம், தலை மழித்தது. வில்லோடும் தாடியோடும் காலில் செருப்போடும் கைகூப்பி நிற்பவர் கண்ணப்பர். எலும்பும் நரம்பும் தெரிய அமர்ந்து தாளமிடும் பெண்ணுருவம் காரைக்கால் அம்மையார். அவ்வம்மையாரின் உருவம் கம்போடியாவின் பந்தியாய் சிரெய் கோயிற் கற்சிற்பத்திலும், ஆடும் பெருமானின் அருகே காணப்படுவது கடல் கடந்து வாழும் தமிழர் மகிழ்தற்குரிய செய்தி.

பித்தளையும் பிற உலோகங்களும்

பித்தளை, வெண்கலம், பஞ்சலோகம் என்னும் மூன்றையும் ஒன்றாகக் கொள்வோர் பலர். செம்போடு துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம். பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த ஈயம் இந்த வெள்ளீயமே. ஐம்பொன் எனப்படும் பஞ்சலோகத்தில் பெரும்பங்கு செம்பே; பித்தளையும் ஈயமும் சிறு அளவில் சேரும்; பொன்னும் வெள்ளியும் பெரும்பாலும் மங்கலத்திற்காகச் சிறிதே இடப்படும்.

பொதுவாக வழங்கும் பித்தளையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செம்பும் ஒரு பங்கு துத்தநாகமும் இருக்கும். செம்பு உருக 1,085 பாகை வெப்பம் வேண்டும். இத்தகைய பித்தளையோ 900 முதல் 940 பாகைக்குள் உருகிவிடும். துத்தநாகம் செம்பினும் விலை குறைந்தது. பொன்னை ஒத்த நிறமும் பித்தளைக்கு இயல்பாகவே உண்டு. இக்காரணங்களாலேயே எளிய குடும்பத்தாரும் வாங்கத்தக்க திருவுருவங்கள் பித்தளையில் பெருகின. பஞ்சலோகம் வாங்க இயலவில்லையே என்று எவரும் வருந்த வேண்டுவதில்லை. மண்ணில் பிடித்த பிள்ளையாரையும் வணங்கும் மரபு நம்முடையது.

மெழுகில் பிறக்கும் உருவம்

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதியர் இன்றும் மெழுகு வார்ப்பு முறையிலேயே படிமம் செய்கின்றனர். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பதப்படுத்துவர். படிமத்தின் உயரத்திற்கு ஒரு தென்னையோலையை நறுக்கி, அதனை மடித்து மடித்து முகம், மார்பு, இடை, முழங்கால் ஆகியவற்றின் அளவைக் குறிப்பர். இது தாலக்கணக்கு எனப்படும். முகத்தின் நீளமே இதில் அடிப்படை அளவு. வளர்ந்தோர் உருவத்திற்கு முகத்தைப் போல் பல மடங்கு உயரம் வரும். குழந்தை உருவத்திற்கு மடங்கு குறையும். அதனால் தலை பெரிதாகவும் உடல் குறுகியும் தோன்றும். வளர்ந்த ஆளைச் சிறிதாக்கினாற்போல் சம்பந்தர் உருவம் அமைந்திருந்தால், செய்தவர் தாலக்கணக்கு அறியாதவர் என்று கொள்ளலாம்.

மெழுகுருவின்மேல் காவிரியின் மென்மையான வண்டல் மண்ணை முதலிற் பூசுவர். நகத்தின் கோடும் இமையின் மடிப்பும் இம்முதற் பூச்சில்தான் பதியும். அதன்மேல் கனத்த மண்ணை அப்பி, கம்பி கட்டி, உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதை மெழுகின் எடையே சொல்லிவிடும். இவ்வுலோகம் மெழுகைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனமுடையது. ஆறியபின் மண்ணை உடைத்து உருவை எடுத்து, உளியாலும் அரத்தாலும் திருத்துவர். அச்சு உடைந்துவிடுவதால் ஒரு மெழுகுக்கு ஒரு படிமமே உண்டு.

மலிவான பித்தளை உருவங்கள் பெரும்பாலும் மணற்பெட்டி வார்ப்பில் ஆனவை. ஒரு மாதிரியை மணலில் அழுத்தி எடுத்து, இரு பாதியாகச் சேர்த்து வார்ப்பதால், ஒரே உருவத்தைப் பல நூறு செய்யலாம். பக்கவாட்டில் ஓடும் மெல்லிய தையற்கோடு இதற்கு அடையாளம். இம்முறையில் வந்தவை வழிபாட்டுக்கு ஆகாதவை அல்ல. எனினும் வாங்கும்போது முகம், விரல், கைப்பொருள் ஆகிய மூன்றும் தெளிவாக உள்ளனவா என்று பார்த்து வாங்குதல் நன்று. சம்பந்தரின் விரல் மழுங்கிவிட்டால் அவர் வரலாறே மழுங்கிவிடும்.

அளவும் இடமும்

இல்லத்தில் வழிபடும் உருவங்கள் பெருவிரற் கணு அளவு முதல் ஒரு சாண் வரை இருக்கலாம் என்பது மச்ச புராணம் முதலிய நூல்கள் காட்டும் வரையறை. அதற்கு மேற்பட்ட உருவம் கோயிலுக்கு உரியது. பெரிய உருவத்தை நாள்தோறும் எடுத்து நீராட்டித் துடைத்து வைத்தல் இயலாது. இயலாத கடமையை வீட்டில் ஏற்றுக்கொள்ளலாகாது என்பதே இவ்வரையறையின் பயன்.

சிவலிங்கமோ, நடராசர் உருவமோ, சிவன் படமோ இருக்கும் மாடத்தில் அதற்குச் சற்றுத் தாழ்வாக நால்வரை எழுந்தருளுவித்தல் வழக்கம். காலையிலோ மாலையிலோ விளக்கேற்றி, திருச்சிற்றம்பலம் என்று தொடங்கி ஒரு பாடலேனும் பாடி, திருச்சிற்றம்பலம் என்று முடித்தல் முறை. பாடல் பெற்றுத் தந்தவர் முன் பாடாமல் கற்பூரம் மட்டும் காட்டுதல் நிறைவாகாது.

களிம்பும் துலக்கலும்

மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று நாடுகளில் பித்தளை விரைவில் கறுக்கும். மடிப்புகளிலும் பீடத்தின் அடியிலும் பச்சை நிறக் களிம்பு ஏறும். பாலும் சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் கழுவப்படாமல் தங்கிய இடங்களில் இது மிகும்.

புளியும் எலுமிச்சையும் பித்தளையை உடனே பளபளப்பாக்கும். அவற்றின் புளிப்பு கறையைக் கரைத்துவிடுவதே காரணம். ஆனால் புளிப்பு எஞ்சி நின்றால் கறை மீண்டும் ஏறும். நெடுநேரம் ஊறவிட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் அரிக்கப்பட்டு, மேனி செம்புநிறத் திட்டுகளாக மாறும். ஆகவே கரைத்த புளியை மெல்லிய துணியால் தடவி, உடனே நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்து உலர்த்த வேண்டும். மற்ற நாள்களில் உலர்ந்த துணியும் திருநீறும் போதும். மணல், சாம்பற்கட்டி, இரும்பு நார் ஆகியவற்றால் தேய்த்தல் அறவே கூடாது. முப்பதாண்டு அவ்வாறு தேய்த்த உருவத்தில் கண்ணும் வாயும் இருந்த இடம் தெரிவதில்லை. அன்பினால் செய்யும் அழிவு இது.

செம்பில் களிம்பு எங்கிருந்தோ வந்து ஒட்டுவதன்று. செம்போடு உடன் தோன்றுவது என்பர் சித்தாந்த நூலார். உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்கு அதனையே உவமையாக்கினர். வெள்ளிக்கிழமை தோறும் துலக்கும் கைகளுக்கு இவ்வுவமையை விளக்கிச் சொன்னால், நூலில் படித்து விளங்காத பொருள் கைப்பழக்கத்தில் விளங்கிவிடும்.

பழைய படிமம் வாங்குவோர்க்கு

'பழைய கோயிற் படிமம்' என்று சொல்லி யாரேனும் விற்க வந்தால் அதனை ஏற்றல் தகாது. ஒன்று, அது அமிலம் பூசிப் பழமைச் சாயல் ஏற்றிய புதுப்படிமமாக இருக்கும். அன்றேல் ஏதோ ஓர் ஊர்க் கோயிலில் களவுபோன பொருளாக இருக்கும். நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்வதை இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் விலைக்கு வாங்கிய உமா பரமேசுவரி படிமம், தமிழ்நாட்டு சிரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டது எனத் தெரிய வர, 2015இல் இந்தியாவிடம் திருப்பி அளிக்கப்பட்டது. 2016 சூன் திங்களில் அமெரிக்க அரசு திருப்பி அளித்த பழம்பொருள்களுள் சோழர் காலத்து மாணிக்கவாசகர் படிமமும் ஒன்று. அருங்காட்சியகங்களே ஏமாந்த இடத்தில் தனிமனிதர் தப்புவது அரிது. வீட்டு வழிபாட்டுக்குப் புதிய படிமமே ஏற்றது.

ஆசிரியர்க்கு ஒரு வாய்ப்பு

நால்வர் குருபூசை நாள்கள் அடுத்தடுத்த நான்கு மாதங்களில் அமைந்துள்ளன. சித்திரைச் சதயம் அப்பருக்கு. வைகாசி மூலம் சம்பந்தருக்கு. ஆனி மகம் மணிவாசகருக்கு. ஆடிச் சோதி சுந்தரருக்கு. இந்த நான்கு மாதங்களில், மாதம் ஒரு படிமத்தை மட்டும் சமய வகுப்பில் மேசைமேல் வைத்து, 'இவர் கையில் என்ன இருக்கிறது? ஏன் இருக்கிறது?' என்னும் இரண்டு வினாக்களைக் கேட்டாலே போதும். விடை தேடும் பிள்ளை வரலாற்றைத் தானே கேட்டறியும். வரலாற்றை அறிந்த பிள்ளை பாடலை விரும்பும்.

வீட்டில் அப்பரின் உழவாரம் காணாமற் போயிருந்தால், பித்தளைக் கம்பியைத் தட்டி ஒன்று செய்து கொடுக்க எந்தப் பொற்கொல்லரும் மறுக்கமாட்டார். அதைச் செருகி வைக்கும் வேலையை வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். உழவாரம் எதற்கு என்று அப்பிள்ளை அப்பொழுது கேட்கும். சொல்வதற்கு விடை ஆயத்தமாக இருக்கட்டும்.